நான் மொழிபெயர்க்காமல் விட்ட வாக்கியம்

முப்பது வருஷம் நான் ஈப்போவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தேன். சாட்சி தமிழில் சொல்வதை மலாயில் சொல்ல வேண்டும். நீதிபதி மலாயில் கேட்பதைத் தமிழில் கேட்க வேண்டும். வேலை அவ்வளவுதான். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, நயம் சேர்க்கக் கூடாது. சாட்சி 'நான் வெட்டினேன்' என்றால் நானும் 'நான் வெட்டினேன்' என்றுதான் சொல்ல வேண்டும். 'அவர் வெட்டினாராம்' என்று சொன்னால் அது வம்பு பேசுவது. இந்தக் கணக்கில் பேராக் மாநிலத்தில் நான் ஒப்புக்கொள்ளாத குற்றமே இல்லை.

ஒருமுறை போதையில் வந்த சாட்சி ஒருவர் மாஜிஸ்திரேட்டின் தாயாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். அறையில் இருந்த தமிழர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்று அதே வார்த்தையை நல்ல மலாயில், குரலை ஏற்றாமல் இறக்காமல் சொன்னேன். மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, சாட்சி அப்படித்தான் சொன்னாரா என்று என்னைக் கேட்டார். ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை என்றேன். அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

இதையெல்லாம் சொல்லிக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. என் அக்காவின் அறுவை சிகிச்சைக்கு முன்னால் டாக்டர் சொன்ன ஒரு வாக்கியத்தை நான் அவளிடம் சொல்லவில்லை.

அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். புந்தோங்கில் தனியாக இருக்கிறாள். கணவர் இறந்து பல வருஷம் ஆகிறது. ஒரே மகள் தஞ்சோங் மாலிமில் கார் தொழிற்சாலையில் வேலை செய்கிறாள். அக்கா முதலில் எஸ்டேட்டில் ரப்பர் மரம் சீவினாள், பிறகு கையுறைத் தொழிற்சாலையில் இருபது வருஷம் நின்றாள். இப்போது வீட்டில் இருக்கிறாள். இருந்தாலும் ஒரு நிமிஷம் உட்கார மாட்டாள்.

நெஞ்செரிச்சல் அவளுக்குப் பல வருஷமாக உண்டு. எங்கள் ஆட்களுக்கு அது ஒரு வியாதியே இல்லை. எல்லார் வீட்டிலும் தலையணைக்கு அடியில் ஒரு மாத்திரை அட்டை இருக்கும். புளிப்பாகத் தொண்டைக்கு வரும், ஒரு மாத்திரையைச் சப்பிக்கொண்டு மிளகாய்ச் சம்பால் ஊற்றிச் சாப்பிடுவார்கள். அக்காவும் அப்படித்தான் ஓட்டினாள். பிறகு குனிந்தால் சாப்பிட்டது வாய்க்கு வந்தது. பிறகு படுக்க முடியவில்லை. இரண்டு வருஷம் அவள் கூடத்தில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தபடியே தூங்கினாள். இது எனக்கு நெடுநாள் தெரியாது. வாரம் ஒரு தடவை போய் வந்துகொண்டுதான் இருந்தேன். நாற்காலியில் தலையணை கிடப்பதைப் பார்த்தும், டிவி பார்க்க வசதி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் அப்படி மேலே வந்தது நுரையீரலுக்குள் இறங்கி, சளிக் காய்ச்சலாகி, ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. அப்போதுதான் குழாய் விட்டுப் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் ஒரு தசைத் திரை இருக்கிறது. உணவுக்குழாய் கீழே இறங்குவதற்கு அதில் ஓர் ஓட்டை. அக்காவுக்கு அந்த ஓட்டை அகன்று, இரைப்பையில் பாதி அதன் வழியாக மேலே ஏறி நெஞ்சுக்குள் உட்கார்ந்திருந்தது. மகள் எடுத்து வைத்திருந்த காப்புறுதி மெடிக்கல் கார்டு இருந்ததால் ஈப்போவிலேயே ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை டாக்டரைப் பார்க்கப் போனோம்.

டாக்டர் சீனர், ஐம்பது வயதிருக்கும், அவசரப்படாத மனிதர். அக்காவைப் பார்த்து, "ஆன்டி, ஆப்பா காபார்?" என்று நலம் விசாரித்து மலாயிலேயே ஆரம்பித்தார். இந்த இடத்தில் நான் மூக்கை நுழைத்தேன். அவருடைய மலாய் பசார் மலாய், கடைத்தெருப் பேச்சு. இலக்கணமும் கிடையாது, ஒழுங்கும் கிடையாது. உள்ளுறுப்பு விவகாரத்தை இந்த மொழியில் பேசி என்ன விளங்கப் போகிறது என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. டாக்டர், நீங்கள் ஆங்கிலத்தில் சொல்லுங்கள், நான் தமிழில் சரியாகச் சொல்லிவிடுகிறேன், அதுதான் என் தொழில் என்றேன். அவர் சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். அக்கா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

முதல் பகுதி நன்றாகப் போயிற்று. வயிற்றில் ஐந்து சின்னத் துளை போட்டு, இரைப்பையைக் கீழே இழுத்து, ஓட்டையைத் தையல் போட்டுச் சிறிதாக்குவார். பிறகு இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயின் அடியைச் சுற்றிச் சட்டைக் காலர் போல மடித்துத் தைப்பார். அமிலம் மேலே ஏறாது. நான் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அக்கா தலையாட்டினாள்.

அடுத்ததாக மெஷ் பற்றிச் சொன்னார். தசை மெலிந்து போயிருந்தால் வெறும் தையல் பிய்த்துக்கொள்ளலாம். அப்படி இருந்தால் தையலுக்கு மேல் ஒரு வலைத்துணியை ஒட்டுப் போடுவது உண்டு. சில டாக்டர்கள் எப்போதும் போடுவார்கள், சிலர் போடவே மாட்டார்கள். தாம் உள்ளே பார்த்துவிட்டு, தேவையென்றால்தான் போடுவதாகச் சொன்னார். பிளாஸ்டிக் வலை உறுதியானது, ஆயுளுக்கும் அப்படியே இருக்கும். ஆனால் உணவுக்குழாய் பக்கத்திலேயே இருப்பதால், எப்போதாவது ஒருவருக்கு அது உரசி உரசி உள்ளே போய்விடும். பிறகு அதை எடுப்பது பெரிய தலைவலி. அதனால் இந்த இடத்தில் வேறு வகை வலையைத்தான் தாம் விரும்புவதாகச் சொன்னார். அது மெதுவாக உடம்போடு கரைந்து, அந்த இடத்தில் சொந்தத் தசை வளரும். பல வருஷம் கழித்து ஓட்டை திரும்பத் திறக்காது என்று எந்த வலைக்கும் தம்மால் உத்தரவாதம் தர முடியாது என்றும் சேர்த்துச் சொன்னார். இதையும் நான் ஒழுங்காகவே சொன்னேன்.

அதன் பிறகு டாக்டர் பேனாவை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: அந்த இரண்டாவது வலை மாட்டின் இதயத்தைச் சுற்றியிருக்கும் பையிலிருந்து செய்வது. முஸ்லிம் என்றால் பன்றியைப் பற்றிக் கேட்பேன், இந்து என்றால் மாட்டைப் பற்றிக் கேட்பேன். உங்கள் அக்காவுக்குச் சம்மதமா, கேட்டுச் சொல்லுங்கள்.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னா சொல்றாரு?" என்றாள்.

"அந்த ரெண்டாவது வலை நல்லதாம்க்கா. அதையே வெக்கலாமான்னு கேக்குறாரு."

"எதுல செஞ்சது?"

"ஆஸ்பத்திரிச் சாமான்லா, க்கா. கம்பெனில செய்யறது."

"நீ என்னா சொல்றே?"

"வெச்சுக்கலாம்."

"அப்ப சரி," என்று டாக்டரைப் பார்த்துத் தலையாட்டினாள். நான் திரும்பி, சம்மதம் என்றேன். அவர் கோப்பில் எழுதிக்கொண்டார். எல்லாம் அரை நிமிஷத்தில் முடிந்துவிட்டது.

ஆஸ்பத்திரி வராந்தாக்களில் அம்மாவுக்கு அப்பாவுக்கு மொழிபெயர்க்கிறேன் என்று வந்து நிற்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். டாக்டர் ஐந்து நிமிஷம் விளக்குவார். பிள்ளை, "ஒன்னும் பயப்பட வேணாங்குறாரும்மா" என்று ஒரே வரியில் முடித்துவிடும். அப்படிப்பட்டவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. எத்தனையோ பேரிடம் இதைச் சொல்லித் திட்டியிருக்கிறேன்.

நான் ஏன் அப்படிச் செய்தேன் என்பதற்கு ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். அக்கா மாட்டிறைச்சி சாப்பிட மாட்டாள் என்பது மட்டுமல்ல. அது விற்கிற கடையில் தேநீர்கூடக் குடிக்க மாட்டாள். மாடு என்று கேட்டால் எழுந்து போய்விடுவாள், பிளாஸ்டிக் வலை போதும் என்பாள், அல்லது அறுவை சிகிச்சையே வேண்டாம், நாற்காலியிலேயே தூங்கிக்கொள்கிறேன் என்பாள். அவள் பிழைக்க வேண்டும், அதற்காகத்தான். இது உண்மைதான். ஆனால் முழு உண்மை இல்லை. மாடு என்ற சொல்லை அக்காவிடம் எடுப்பதற்கு எனக்கு வேறொரு தயக்கமும் இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

சுங்கை சிப்புட் பக்கம் நாங்கள் இருந்த எஸ்டேட்டில் பல குடும்பங்கள் மாடு வைத்திருந்தார்கள். எங்களிடம் ஒரு செவலைப் பசு இருந்தது. அக்கா ஆறாம் வகுப்போடு நின்றாள். நிற்கிறாயா என்று அவளை யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. அன்றிலிருந்து அந்தப் பசு அவள் பொறுப்பு. புல் அறுப்பது, குளிப்பாட்டுவது, கறப்பது, எஸ்டேட் ஆபீஸ் கிராணிகளின் வீடுகளுக்குப் பால் கொண்டுபோய் ஊற்றுவது எல்லாம் அவள்தான். அந்தப் பாலில்தான் நான் பஸ் ஏறி டவுன் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். செவலை அவள் குரலுக்கு மட்டும்தான் திரும்பும். நான் கூப்பிட்டால் காதை மட்டும் ஆட்டும்.

நான் மேல்படிப்புக்குப் போன வருஷம் அப்பா செவலையை விற்றார். அக்கா மரம் சீவப் போயிருந்த காலை நேரத்தில் லாரி வந்தது. ஏற்றிவிட நானும் கை கொடுத்தேன். அந்த லாரி எங்கே போகிற லாரி என்று எனக்குத் தெரியும். அக்கா திரும்பி வந்து வெறும் கொட்டகையைப் பார்த்துவிட்டு அப்பாவிடம் போகவில்லை. என்னிடம்தான் வந்தாள். எங்கே என்று கேட்டாள். தஞ்சோங் ரம்புத்தான் பக்கம் ஒருத்தர் பெரிய புல்வெளி வைத்திருக்கிறார், அங்கே போயிருக்கிறது என்றேன். அப்பா சொல்லச் சொன்னது அதுதான். ஒரு சொல் கூடவுமில்லை, குறையவுமில்லை.

பிறகு எப்போதாவது அவளுக்கு உண்மை தெரிந்ததா என்று நான் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

அறுவை சிகிச்சைக்கு முதல் நாள் மத்தியானம் அக்காவைச் சேர்த்தோம். அறையில் பையை வைத்துக்கொண்டிருந்தபோது ஒலிபெருக்கியில் என் கார் நம்பரைச் சொல்லி அழைத்தார்கள். ஆம்புலன்ஸ் வழியில் நிறுத்தியிருக்கிறேனாம். ஓடிப் போய், சுற்றிச் சுற்றி இடம் தேடி நிறுத்திவிட்டு வர அரைமணி நேரம் ஆகிவிட்டது. நான் வந்தபோது அக்கா பச்சை அங்கியில் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சம்மதப் பாரத்தில் கையெழுத்துப் போட்டாகிவிட்டது என்றாள். "சரிக்கா" என்றேன். பாரத்தை வாங்கி நான் படிக்கவில்லை. எந்தத் தாளைக் கண்டாலும் அடிக்குறிப்பு வரை படிக்கிறவன் நான். அன்று எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

மறுநாள் டாக்டர் வெளியே வந்து, தசை ஈரக் காகிதம் போல் இருந்தது, வலை போட வேண்டியதாயிற்று, எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றார். கைப்பேசியில் ஒரு படம் காட்டினார். உள்ளே சிவப்பாக ஏதேதோ இருந்தது. நடுவில் இளநீர் வழுக்கை மாதிரி வெள்ளையாக ஒரு துண்டு. நான் சீக்கிரமாகக் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அடுத்த சில வாரங்கள் அக்காவுக்குக் கஞ்சி, வடிகட்டிய சூப்பு, மசித்த கிழங்கு. வாந்தி வரக் கூடாது, இருமக் கூடாது, எடை தூக்கக் கூடாது. தையல் பிய்ந்துவிடும். ஆனால் புந்தோங் ஆட்களுக்கு டாக்டர் சொல்வது ஒரு பக்கம், ஹருவான் மீன் ஒரு பக்கம். அறுத்த உடம்பு ஆற வேண்டுமென்றால் ஹருவான் சாப்பிட வேண்டும் என்பதில் இங்கே தமிழர், மலாய்க்காரர், சீனர் என்று பேதமே கிடையாது. வந்தவர்கள் எல்லாரும் பாத்திரத்தோடு வந்தார்கள். முள்ளோடு ஒரு துண்டு தொண்டையில் நின்றால் என்ன ஆகும் என்று நான் வாசலிலேயே நின்று சண்டை போட்டுச் சாறு மட்டும் வடித்து உள்ளே அனுப்பினேன். பக்கத்து வீட்டு அம்மாள் என்னோடு இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

இந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு சிலருக்கு ஏப்பம் வராது. அக்காவுக்கும் வரவில்லை. "சாப்புட்டேனா இல்லையான்னு எனக்கே தெரிய மாட்டேங்குது தம்பி," என்றாள். "தட்டைப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிறேன்." வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அப்போது அவர்களில் ஒருவர், உள்ளே ஏதோ துணி வைத்துத் தைத்தார்களாமே என்று கேட்டார். அக்கா எனக்கு நேராகத் திரும்பினாள். "ஆமா. அது எதுல செஞ்சதுன்னு சொன்னே, தம்பி?"

"கம்பெனிச் சாமான்க்கா."

"ஓ," என்றாள். அவ்வளவுதான். கஞ்சி டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

ஆறாவது வாரமோ என்னவோ, காலையில் போன் செய்தாள். அவளாக எனக்குப் போன் செய்வது அபூர்வம். ஏதோ ஆகிவிட்டது என்று பதறி எடுத்தேன். "கட்டில்ல படுத்துத் தூங்குனேன்டா. மல்லாக்கப் படுத்து, காலு நீட்டி," என்றாள். நான் செய்தது சரிதான் என்று அன்று முழுதாக நம்பினேன்.

அந்த நம்பிக்கை ஏழெட்டு மாதம் தாங்கியது. எஸ்டேட் கோயில் திருவிழா வந்தது. எஸ்டேட் இப்போது இல்லை. ஒரு பக்கம் செம்பனை, ஒரு பக்கம் புது வீடமைப்பு, நடுவில் மாரியம்மன் கோயில் மட்டும் இருக்கிறது. வாசலில் கேமரா வைத்திருக்கிறார்கள். படுத்துத் தூங்க முடிந்தால் பால்குடம் எடுப்பதாக அக்கா வேண்டிக்கொண்டிருந்தாளாம். டாக்டரிடம் கேட்டாள், இந்த முறை தானே மலாயில் கேட்டாள். சின்னக் குடம் என்றால் போலே, எடுக்கலாம் என்றார். அக்கா விரதம் தொடங்கினாள். மீன் இல்லை, முட்டை இல்லை. வீட்டைக் கழுவிவிட்டாள், தனிப் பாத்திரம் வைத்துக்கொண்டாள், பாய் போட்டுத் தரையில் படுத்தாள்.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. எனக்குச் சாமி நம்பிக்கை அரைகுறை. ஆனால் இது என் நம்பிக்கையைப் பற்றியது இல்லை. அவள் இவ்வளவு சுத்தம் பார்த்து எந்த உடம்போடு அம்மன் முன்னால் போய் நிற்கப் போகிறாளோ, அந்த உடம்புக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. பிற்பாடு யாராவது ஒரு டாக்டரோ ஒரு தாளோ சொல்லித் தெரிந்துகொண்டால், தெரியாமல் அப்படிப் போய் நின்றேனே என்று அவள் துடித்துப் போவாள். அதற்குக் காரணம் நானாக இருப்பேன். என் மனைவியிடம் அன்றுதான் சொன்னேன். அவள், "குடம் எடுக்கறதுக்கு முன்ன சொல்லிடுங்க. இல்லன்னா சாகற வரைக்கும் சொல்லாதீங்க," என்றாள். இரண்டாவது வழி எனக்குக் கொஞ்சம் ஆசையாகத்தான் இருந்தது.

திருவிழாவன்று காலை அக்காவைக் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். வழியெல்லாம் வாக்கியத்தை அடுக்கிப் பார்த்தேன். அந்த வலையிலிருந்து மாட்டின் செல்களையெல்லாம் கழுவி எடுத்துவிடுகிறார்கள். இந்நேரம் பெரும்பகுதி கரைந்து அவள் சொந்தத் தசையாகியிருக்கும். பால் குடிப்பதும் இதுவும் ஒன்றுதான். வக்கீல் வாதம் மாதிரி நன்றாகத்தான் இருந்தது. அக்கா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தாள். கோயில் வந்துவிட்டது, நான் வாயைத் திறக்கவில்லை.

ஆற்றங்கரையில் குளித்து மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு வந்து, அக்கா குடத்தை மடியில் வைத்தபடி மரத்தடியில் உட்கார்ந்தாள். பத்தடி தள்ளித் தப்பு அடிப்பவர்கள் தென்னை மட்டையைக் கொளுத்தித் தப்பைக் காய வைத்துக்கொண்டிருந்தார்கள். தீயில் காட்டுவதும், விரலால் தட்டிப் பார்ப்பதும், மறுபடி காட்டுவதுமாக இருந்தார்கள். பூசாரி குடங்களுக்கு வேப்பிலை கட்டிக்கொண்டே எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தார். இன்னும் நாலு பேருக்குப் பிறகு அக்கா.

"அக்கா," என்றேன். "ஒன்னு சொல்லணும். ஒனக்கு உள்ள வெச்சாங்கள்ல ஒரு வலை, அது மாட்டுலேருந்து எடுத்தது. மாட்டோட நெஞ்சுப் பை. டாக்டர் அன்னைக்கே சொன்னாரு. நான்தான் ஒங்கிட்ட சொல்லல." அடுக்கி வைத்திருந்த வாதம் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

அக்கா குடத்தின் கழுத்திலிருந்த நூலைச் சரி செய்தாள். "தெரியும்," என்றாள்.

"எப்படி?"

"நீ கார மாத்தி வெக்கப் போனேல்ல, அப்ப நர்ஸு மிஸ்ஸி ஒன்னு பாரத்த எடுத்துக்கிட்டு வந்துச்சு. மலாய்க்காரப் பொண்ணு. 'ஆன்டி இந்து கான்? இனி லெம்பு பூஞா, போலே கா?'ன்னு கேட்டுச்சு. வேணாம்னா டாக்டரக் கூப்புடுறேன், வேற வெக்கலாம், பயப்படாதீங்கன்னுச்சு. ரெண்டு தரம் கேட்டுச்சு. இருவது வருஷம் ஃபேக்டரில மலாய்க்காரங்களோட நின்னவ நான், லெம்புன்னா மாடுன்னு எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் எப்படிக்கா சரின்னே?"

அவள் மோவாயால் தீப்பக்கம் காட்டினாள். "அது என்னா தோலு?"

தப்பு என்ன தோல் என்று எனக்குத் தெரியும். எல்லாருக்கும் தெரியும்.

"மாட்டுத் தோலு. அத அடிச்சுத்தான் ஆத்தாவ அழைக்கிறோம். அவ வர மாட்டேன்னா சொல்றா? என் நெஞ்சுக்குள்ள ஒரு துண்டு இருந்தா மட்டும் கோவிச்சுக்குவாளா?" என்றாள். "அந்தக் கட்டில்ல ஒக்காந்து இத யோசிக்க எனக்கு எவ்ளோ நேரம் ஆயிருக்கும்ன்றே? மிஸ்ஸி பேனா மூடியக் கழட்டுறதுக்குள்ள யோசிச்சிட்டேன்."

இத்தனை மாதம் நான் ஓட்டிக்கொண்டிருந்த வாதங்கள் எல்லாம் என்ன ஆயின என்று எனக்கே தெரியவில்லை. தப்பித்தேன் என்று சிரிக்கப் போனேன். அக்கா சிரிக்கவில்லை.

"நீ சொல்லுவேன்னு பாத்தேன். ஆஸ்பத்திரிலேருந்து வந்த அன்னைக்கு சொல்லுவேன்னு பாத்தேன். அத்தன பேரு முன்னாடி வாய விட்டுக் கேட்டுப் பாத்தேன். கம்பெனிச் சாமான்னே." குரலை உயர்த்தாமல்தான் பேசினாள். "ஊரான் பேசுறதெல்லாம் ஒரு எழுத்து விடாம சொல்லுவேன்னு பெரும பேசுவே. செவலைக்கும் இப்படித்தான் சொன்னே. புல்லு இருக்கிற எடத்துக்குப் போயிருச்சுன்னு."

"அக்கா, அது அப்பாதான்..."

"அப்பாவ நான் கேக்கலையே. ஒன்னத்தான் கேட்டேன்."

பூசாரி வந்து குடத்துக்கு வேப்பிலை கட்டிவிட்டு அடுத்தவரிடம் போனார். எனக்கு வெட்கமாக இருந்தது. அறுபது தாண்டியவன், பொது இடத்தில், காலால் மண்ணைக் கீறிக்கொண்டு நின்றேன். மன்னித்துக்கொள் என்று எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் சொல்லிப் பழக்கமில்லை. மூன்று மொழி தெரிந்தும் அந்த நேரத்துக்கு ஒன்றும் உதவவில்லை.

"மாடா ஆடான்றது இல்லடா," என்றாள் அக்கா. "ஸ்கூல விட்டு நிப்பாட்டுனப்ப கேக்கல. செவலைய வித்தப்ப கேக்கல. என் ஒடம்பு, அதுக்குள்ள என்னா வெக்கலாம்னு யாரோ பெத்த மிஸ்ஸி கேக்குது, நீ கேக்கல. இப்பயாச்சும் ஏதாச்சும் கேளு."

"என்ன கேக்கணும்க்கா?"

"அதையும் நானே சொல்லணுமா?"

தப்பு காய்ந்துவிட்டது. ஒருவர் தோளில் மாட்டிக்கொண்டு இரண்டு அடி அடித்துப் பார்த்தார். அக்கா எழுந்து, குடத்தை என் கையில் கொடுத்துத் தலையைக் குனிந்தாள், வைத்துவிடச் சொல்லி. அவள் தலையில் சும்மாட்டைச் சரி செய்து குடத்தை வைத்தேன். அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"கையெழுத்துப் போடறப்ப பயமா இருந்துச்சாக்கா?" என்று கேட்டேன்.

"இருந்துச்சுடா," என்றாள். "நீ வந்துருவே வந்துருவேன்னு கதவையே பாத்துக்கிட்டு இருந்தேன்."